ஒன்றாம் தொட்டியின் மூச்சு

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

நானும் பாப்பாவும் சுகம். உன் சுகத்தைப் பற்றிக் கேட்க ஐந்து மாதமாக ஒரு முகவரி இல்லாமல் இருந்தது. அண்ணன் நம்மை விட்டுப் போன பத்தாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவன், போன் எண்ணையும் மாற்றிவிட்டாய். வேலைச் சான்றிதழை அனுப்பச் சொல்லி நீ சுத்திகரிப்பு நிலையத்துக்கு எழுதிய தாள் என் கையில் சிக்கியது. முகவரி அதில் கிடைத்தது.

அந்தத் தாள் எப்படி என் கைக்கு வந்தது என்று யோசிப்பாய். உன் அண்ணன் பார்த்த வேலையை இப்போது நான்தான் பார்க்கிறேன். சாயப்பட்டறையில் துணி பார்க்கும் மேஜையில் பன்னிரண்டு வருஷம் நின்றவளுக்கு, அந்தத் துணி கக்கிய நீரைப் பார்க்கவா தெரியாது என்று மேலாளரிடம் கேட்டேன். சேர்த்துக்கொண்டார்.

இப்போது எனக்கு ஒரு சந்தேகம். பட்டறையிலிருந்து சிவப்பு நீர் வருகிறது. மூடு தொட்டியில் ஒரு நாள் கிடந்து வெளியே வரும்போது தெளிவாக இருக்கிறது. ஆனால் கால்வாயில் முப்பது அடி ஓடுவதற்குள் பழுப்பாகிவிடுகிறது. கண்ணாடிக் குவளையில் பிடித்து ஜன்னலில் வைத்தேன். கண்ணெதிரே நிறம் திரும்பி வந்தது. எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது தம்பி. போனது ஏன் திரும்பி வருகிறது?

உன் ஊருக்குத் தபால் ஆறு நாள் என்கிறார்கள். உடனே எழுது.

உன் அண்ணி

பிப்ரவரி 27

அண்ணிக்கு வணக்கம்.

உங்களுக்கும் பாப்பாவுக்கும் ஒரு குறையும் வரக்கூடாது. நான் நன்றாக இருக்கிறேன். இங்கே ஒரு கிடங்கில் மூட்டை எண்ணும் வேலை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். சாயம் என்பது சில துண்டுகளைப் பாலம் போட்டுக் கோத்த மாதிரி. அந்தப் பாலத்தில்தான் நிறம் இருக்கிறது. மூடு தொட்டியில் காற்று கிடையாது. அங்கே கசட்டில் வாழும் நுண்ணுயிர்கள் பாலத்தை அறுத்துவிடும். நிறம் போய்விடும். ஆனால் துண்டுகள் அப்படியே இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. சாயத்தைவிட அவைதான் பொல்லாதவை. அவற்றைத் தின்று தீர்க்கத்தான் அடுத்தது காற்றுத் தொட்டி. அங்கே வேறு கூட்டம். அதற்கு மூச்சு வேண்டும், காற்றடிக்கும் புளோயர் ஓயாமல் ஓட வேண்டும். தின்னாமல் விட்ட துண்டுகள் வெளிக்காற்று பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பழுப்பாகும். நீங்கள் குவளையில் பார்த்தது அதைத்தான்.

தண்ணீர்தான் தெளிந்துவிட்டதே என்று யாரோ புளோயரைக் குறைத்திருக்கிறார்கள். முழுவதும் ஓட்டச் சொல்லுங்கள். கசட்டுக்குப் பட்டறையின் கஞ்சிக்கழிவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், பட்டினி போட்டால் வேலை செய்யாது. வெளுக்கிற பகுதியிலிருந்து வரும் நீரை மட்டும் நேரே விடாதீர்கள், கூட்டமே செத்துவிடும். கறுப்புச் சாய நாளில் அரை நாள் கூடுதலாக வையுங்கள்.

தெளிவாக இருக்கிறது என்பதற்காக எதையும் நம்பிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
கொழுந்தன்

மார்ச் 19

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? தொட்டிகளைக் கட்டி மேய்த்தவன் மூட்டை எண்ணுகிறாயாம், கேட்கவே நன்றாக இல்லை.

நீ சொன்னது பலித்தது. புளோயரை முழுக்க ஓட்டிய ஒன்பதாம் நாள் குவளை நீர் ஜன்னலில் மூன்று நாள் இருந்தும் நிறம் மாறவில்லை. மேலாளர் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். அதுதான் அவர் பாராட்டு.

சாயத்தைப் பற்றிப் பக்கம் நிறைய எழுதியவன் அண்ணனைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே? போகட்டும். இன்னொன்று சொல்ல வேண்டும், சிரிக்காதே. மூடு தொட்டி இரண்டில் அவர் இறந்த ஒன்றாம் தொட்டியை அன்றோடு மூடிவிட்டார்கள். நீர் விடுவதில்லை. அடியில் காய்ந்த கசடு மட்டும் கிடக்கிறது. மேலே ரப்பர் மூடி கட்டியிருக்கிறது. சும்மா கிடக்கிற அந்தத் தொட்டியின் மூடி மெதுவாக எழுகிறது, பிறகு தாழ்கிறது. ஒரே நாளில் மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

காவலாளியிடம் கேட்டேன். "பெரியவரு மூச்சு விடுறாரும்மா. எங்களுக்குப் பழகிடுச்சு. நீங்களும் பயந்துக்காதீங்க" என்றார்.

நான் பயப்படவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மத்தியானச் சாப்பாட்டை அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். மூடி எழும்போது "வந்துட்டீங்களா" என்று கேட்கவும் செய்தேன். அதே வாயால் திட்டவும் செய்தேன். சரிபார்க்காமல் அவசரத்தில் இறங்கினார் என்றுதானே விசாரணை அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். ஒரு நிமிஷம் நின்று பார்த்திருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்?

அது ஏன் மூச்சு விடுகிறது தம்பி? உனக்குத் தெரியாமல் இருக்காது.

அண்ணி

ஏப்ரல் 20

அண்ணிக்கு வணக்கம்.

நலமே. கடிதம் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். கிடங்கில் தலைக்கு மேல் வேலை.

மூடி எழுவது வெயிலால் இருக்கும். உள்ளே இருக்கிற காற்று சூட்டில் விரியும். வேறொன்றும் இல்லை. நீங்கள் அந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட வேண்டாம். அந்தத் தொட்டியை அப்படியே விட்டுவிடுவது நல்லது.

பாப்பா படிக்கிறாளா? சித்தப்பா கேட்டதாகச் சொல்லுங்கள்.

கொழுந்தன்

மே 2

அன்புள்ள தம்பிக்கு,

இருமல் ஒரு வாரம் படுத்தி எடுத்தது, இப்போது தேவலை. பாப்பாவிடம் சொன்னேன். "சித்தப்பாவுக்கு எங்க வீட்டு வழி மறந்துடுச்சா?" என்று கேட்டாள். நீயே பதில் சொல்.

வெயில் என்றாய். போன வாரம் மூன்று நாள் விடாத மழை, வெயில் எட்டிப் பார்க்கவில்லை. மூடி எழுந்தது. இன்றும் எழுந்தது.

பட்டறைக்குக் கறுப்புத் துணி ஆர்டர் குவிந்துவிட்டது. இரண்டாம் தொட்டி ஒன்றை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியவில்லை. கடைசி மதகில் ஊதா நிறம் தட்டுகிறது, கால்வாய்க் கரைக்காரர்கள் வாளியோடு வந்து வாசலில் நிற்கிறார்கள். அதனால் ஒன்றாம் தொட்டியைத் திறந்து, காய்ந்த கசட்டைச் சுரண்டியெடுத்து, இரண்டிலிருந்து உயிருள்ள கசட்டைக் கொண்டுவந்து விதைக்கப் போகிறார்கள். இறங்கப் போவது நான். வேலையை ஏற்றுக்கொண்டால் அதிலும் இறங்கத்தானே வேண்டும்.

அண்ணன் அன்று என்னென்ன செய்துவிட்டு இறங்கினார் என்று வரிசையாக எழுது. மேலே நின்றவன் நீ ஒருவன்தான்.

அண்ணி

மே 20

அண்ணிக்கு,

இருமலுக்கு வெந்நீர் குடியுங்கள். நான் நலம்.

கேட்டதை எழுதுகிறேன். ஒன்று, சாயநீர் வரும் மதகை அடைக்க வேண்டும். இரண்டு, மிச்ச நீரை இறைக்க வேண்டும். மூன்று, மூடியைக் கழற்றி இரண்டு நாள் மின்விசிறி ஓட்ட வேண்டும். நான்கு, கசட்டின் விஷவாயு இருக்கிறதா என்று கருவியில் பார்க்க வேண்டும். ஐந்து, இடுப்பில் கயிறு. ஆறு, மேலே ஓர் ஆள்.

அண்ணன் இத்தனையும் செய்தார்.

நீங்கள் இறங்க வேண்டாம் அண்ணி. பெண்பிள்ளை செய்கிற வேலையில்லை என்று சொல்லிவிடுங்கள். வேறு யாரையாவது இறக்கச் சொல்லுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

கொழுந்தன்

ஜூன் 1

தம்பிக்கு,

நாங்கள் நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துக் கோபம் வந்தது. வேறு யாரை இறக்குவது? அவருக்கும் வீட்டில் ஒருத்தி காத்துக்கொண்டிருக்க மாட்டாளா? நான் இறங்கக்கூடாத இடத்தில் இன்னொருத்தர் மட்டும் ஏன் இறங்கலாம்? காரணம் இருந்தால் அதைச் சொல். மென்று முழுங்காதே.

நீ எழுதிய ஆறையும் சுவரில் மாட்டியிருக்கும் விதிப் பலகையோடு வைத்துப் பார்த்தேன். பலகையில் ஏழு இருக்கிறது. இரண்டு தொட்டியின் வாயுவையும் இணைக்கும் குழாய் மேலே போகிறதல்லவா, அதில் உள்ள வால்வை மூட வேண்டும் என்பது ஏழாவது. உன் கை எழுத மறந்திருக்கும். நீ கவலைப்படாதே. நான் போய்ப் பார்த்தேன். கைப்பிடி குழாய்க்குக் குறுக்கேதான் நிற்கிறது. குறுக்கே என்றால் மூடியிருக்கிறது, நேராக என்றால் திறந்திருக்கிறது, சரிதானே?

ஜூலை 14, காலை பதினோரு மணி என்று முடிவாகியிருக்கிறது.

அண்ணி

ஜூன் 19

அண்ணிக்கு,

காய்ச்சலில் படுத்திருந்தேன். அதனால் அதிகம் எழுத முடியவில்லை. தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று மேலாளரைக் கேளுங்கள். மழைக்காலம் கழியட்டுமே.

கொழுந்தன்

ஜூன் 28

தம்பி,

உடம்பைப் பார்த்துக்கொள். தேதி மாறாது.

எனக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் ஏழாம் தேதிக்குள் தபாலில் போடு. ஆறு நாள் ஆகுமல்லவா.

அண்ணி

ஜூலை 5

அண்ணிக்கு,

நலம் விசாரிக்கிற தகுதி எனக்கு இல்லை.

அந்த வால்வு மூடியிருக்கவில்லை. திறந்திருக்கிறது. கைப்பிடி பொய் சொல்கிறது.

அண்ணன் இறங்குவதற்கு ஒரு வாரம் முன்பு, பக்கத்தில் நடைபாதைக்குப் புதிதாகத் தடுப்புக் கம்பி அடித்தார்கள். வால்வின் கைப்பிடி நேராக நின்றால் அதில் இடித்தது. போகிறவர் வருகிறவர் சட்டையெல்லாம் கிழிந்தது. நான் திருகாணியைக் கழற்றி, உள்ளே வால்வைத் திறந்து மூடும் தண்டை அசைக்காமல், கைப்பிடியை மட்டும் கால் சுற்று திருப்பிக் குறுக்கே மாட்டினேன். கம்பியைத் தள்ளி அடித்தபிறகு சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பிறகு மறந்தேபோனேன். சத்தியமாக மறந்துபோனேன்.

அன்று காலை கருவியில் பார்த்தோம், காற்று சரியாக இருந்தது. இறங்குவதற்கு மின்விசிறியை எடுத்தோம். ஏணியில் கால் வைத்துவிட்டு அண்ணன் கேட்டார்: "வால்வு மூடியாச்சாடா?" நான் நின்ற இடத்திலிருந்தே தலையைத் திருப்பிப் பார்த்தேன். கைப்பிடி குறுக்கே இருந்தது. "ஆச்சுண்ணே" என்றேன். அவர் மறுபடியும், "நீ கையால தொட்டுப் பாத்தியா?" என்று கேட்டார். "பாத்தேண்ணே, நீ இறங்கு" என்றேன். பார்க்கவில்லை. பத்து அடி நடக்கச் சோம்பல்.

அந்த நேரத்தில் இரண்டாம் தொட்டிக்குச் சாயநீர் ஏற்றினார்கள். வாயு கிளம்பினால் அதன் மூடி உப்ப வேண்டும். அது துவண்டு கிடந்தது. அதையும் பார்த்தேன். மழைக் குளிருக்கு அப்படி இருக்கிறது என்று நினைத்தேன். வாயு முழுவதும் குழாய் வழியாக அண்ணனிடம் போய்க்கொண்டிருந்தது. நான் கயிற்றை இழுத்தபோது பாரமாக இருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் கைப்பிடியைப் பார்த்து "மூடியிருக்கு" என்று எழுதிக்கொண்டார்கள். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. அவசரக்காரர் என்று எழுதும்போதும் திறக்கவில்லை. கைப்பிடியைத் திருப்பி வைக்கவாவது செய்திருக்கலாம். தொட்டால் தெரிந்துவிடும் என்று பயந்து, அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தேன்.

மூடி மூச்சு விடுகிறது என்று நீங்கள் எழுதிய அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. வெயில் என்று எழுதினேன். நிலையத்துக்கு மூன்று முறை போன் போட்டேன். மணி அடித்ததும் வைத்துவிட்டேன்.

இறங்காதீர்கள் அண்ணி. தண்டின் தலையில் ஒரு கோடு வெட்டியிருக்கும். அதைப் பாருங்கள், கைப்பிடியைப் பார்க்காதீர்கள்.

கொழுந்தன் என்று எழுதக் கூசுகிறது.

ஜூலை 23

தம்பிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். முதலில் அதைத் தெரிந்துகொள். பாப்பாவும் சுகம்.

மே மாதத்திலிருந்து நான் உனக்குப் பொய் எழுதினேன். அதையும் சொல்லிவிடுகிறேன். மழையிலும் மூடி எழுந்ததைப் பார்த்தபிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏப்ரல் கடைசியில் ஒரு நாள், இரண்டாம் தொட்டிக்கு நீர் ஏற்றியதும் ஒன்றாம் தொட்டியின் மூடி எழுவதைக் கவனித்தேன். மூச்சென்றால் அதற்கு ஒரு வழி இருக்க வேண்டுமே? குழாயோடு போனேன். கைப்பிடியைக் கழற்றினேன். நீ சொல்கிற கோடு குழாயோடு நேராகக் கிடந்தது. தண்டை நானே திருப்பி மூடினேன். மறுநாளிலிருந்து மூடி எழவில்லை. உன் அண்ணன் இரண்டாம் தடவை செத்த மாதிரி இருந்தது. உட்கார்ந்து அழுதேன்.

கைப்பிடியை மாற்றியது யார் என்று காவலாளியைக் கேட்டேன். "சின்னவருதாம்மா. கம்பில இடிக்குதுன்னு மாத்துனாரு" என்றார். சாதாரணமாகச் சொன்னார், அவருக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. மேலாளரிடம் கைப்பிடி தப்பாக மாட்டியிருக்கிறது என்று மட்டும் சொல்லிச் சரிசெய்துவிட்டேன். உன் பெயரைச் சொல்லவில்லை. உன் வாயிலிருந்து வரட்டும் என்று இருந்தேன். அதற்காகத்தான் மூடி இன்னும் எழுகிறது என்று எழுதினேன், கைப்பிடி குறுக்கே நிற்கிறது என்று எழுதினேன். செய்தது நியாயம் என்று வாதாட வரவில்லை.

பதினான்காம் தேதி வந்தது. வால்வை மூடி, குழாயைக் கழற்றி நடுவே தகடு வைத்து, விசிறியை நிறுத்தாமல் ஓடவிட்டு, எல்லாம் தயாராக இருந்தது. எனக்கு ஒரு ஆபத்தும் இல்லை. ஆனால் அது உனக்குத் தெரியாது. தபால்காரர் பத்தரைக்கு வருவார். வாசலில் நின்றேன். வந்தார். "உங்களுக்கு இல்லம்மா" என்றார். அதற்குப் பிறகுதான் இறங்கினேன்.

உன் கடிதம் இருபத்தொன்றாம் தேதி வந்தது. உள்ளே ஜூலை ஐந்து என்று எழுதியிருக்கிறாய். உறையின் மேல் உன் ஊர்த் தபால் முத்திரை ஜூலை பதினைந்து. ஐந்தாம் தேதியே போட்டிருந்தால் பதினொன்றாம் தேதி என் கையில் இருந்திருக்கும். பத்து நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாய். பதினான்காம் தேதி பதினோரு மணிக்கும் அது உன் பையில்தான் இருந்தது. நான் இறங்கட்டும் என்று காத்திருந்தாயா, இல்லை கால் தபால்பெட்டி வரை வராமல் போய்விட்டதா, எனக்குத் தெரியவில்லை. உனக்கே தெரியுமோ என்னவோ. மன்னிக்கச் சொல்லி நீ கேட்கவில்லை. நல்லவேளை கேட்கவில்லை.

ஆனால் ஒன்று கொடுத்திருக்கிறாய். அதற்கு நான் கடன்பட்டவள். கைப்பிடி எனக்குத் தெரியும். அவர் கேட்டார் என்பது தெரியாது. ஏணியில் கால் வைத்தபிறகும் கேட்டிருக்கிறார். கையால் தொட்டுப் பார்த்தாயா என்று இரண்டாம் தடவையும் கேட்டிருக்கிறார். கிட்டத்தட்ட ஒரு வருஷமாக நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன் தம்பி. சோற்றை வைத்துக்கொண்டு அந்தத் தொட்டியிடம் திட்டினேன், பாப்பாவிடம்கூடச் சொன்னேன், உங்க அப்பா ஒரு நிமிஷம் நின்னு பாக்கலடீ என்று. நேற்று அவளை உட்காரவைத்து உன் கடிதத்தில் அந்த இரண்டு வரியை மட்டும் படித்துக் காட்டினேன். "அப்பா கேட்டாரா?" என்று கேட்டாள். கேட்டார் என்றேன்.

ஒன்றாம் தொட்டியில் நீர் ஏற்றியாகிவிட்டது. கசடு பிடித்துக்கொண்டது. கறுப்பு நீர் தெளிந்து வருகிறது.

மேலாளரிடம் இப்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அறிக்கையை மாற்ற வேண்டும் என்றால் கடிதம் செல்லாதாம். மேலே நின்ற ஆள் நேரில் வந்து, அவர் கேட்டார், நான் பொய் சொன்னேன் என்று விசாரணை அதிகாரி முன்னால் சொல்ல வேண்டுமாம். அதற்குமேல் உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாது என்று பொய் சொல்லவும் மாட்டேன்.

நீ வர வேண்டும். வருவதாக இருந்தால் முன்கூட்டி எனக்கு எழுதாதே. எழுதிப் பையில் வைத்துக்கொண்டுவிடுவாய், நான் மறுபடியும் வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

உன் அண்ணி